எந்தத் தண்ணி, எவ்வளவு?

போன மாதம் ஒரு காலையில், தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரம் பார்த்து, பழைய வார்டிலிருந்து செல்வி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று என்னிடமிருந்து அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டவள் அவள். இப்போது அந்த அறுவை சிகிச்சை வார்டுக்கு அவள்தான் பொறுப்பு. குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்க ஓர் அறிவுரைத் தாள் அச்சடிக்கிறார்களாம்.

"அக்கா, நீங்க ஒருக்கா வாசிச்சுச் சொன்னாத்தான் எனக்குத் திருப்தி. வாட்ஸப்புல அனுப்பியிருக்கேன்" என்றாள்.

வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் தோசை எங்கே நினைவிருக்கும்? கல்லை இறக்கிவிட்டுக் கண்ணாடியைத் தேடினேன். தாள் நன்றாகத்தான் இருந்தது. படமெல்லாம் போட்டிருந்தார்கள். பையை எப்போது காலி செய்ய வேண்டும், சுற்றியிருக்கும் தோலை எப்படித் துடைக்க வேண்டும், என்ன ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும், எல்லாம் வரிசையாக இருந்தது. எட்டாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். 'தாராளமாகத் தண்ணீர் குடிக்கவும்' என்று போட்டிருந்தது.

அந்த வரி எனக்குப் பழக்கமானது. ஒரு காலத்தில் நானே அதையே வேறு வார்த்தையில் ஒரு சீட்டில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டு ஒரு நல்ல மனிதரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தியது. செல்வி அந்த வார்டுக்கு வருமுன் நடந்தது அது. அவளிடம் போனில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் படித்ததும் வேலை பார்த்ததும் தாமிரபரணியை விட்டு அதிகம் விலகாமல்தான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வருடம் படுக்கை விரித்தேன், பாத்திரம் கொதிக்க வைத்தேன், திட்டு வாங்கினேன். அப்புறம் திட்டுவதற்கு எனக்குக் கீழே ஆள் வந்தது. அறுவை சிகிச்சை வார்டில் போட்டார்கள், அங்கேயே வேர்விட்டுவிட்டேன்.

அப்போதெல்லாம் குடல் புற்றுநோய்க்காரர்களுக்குப் பை வைப்பதென்றால் பெரும்பாலும் பெருங்குடலைத்தான் வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். மலம் கெட்டியாகவே வரும். அவர்களுக்குத் தொந்தரவே மலச்சிக்கல்தான். 'நல்லா தண்ணி குடிங்க' என்று சொல்லிச் சொல்லி என் வாய் பழகிவிட்டது. அவர்களுக்கு அது சரியான பேச்சும்கூட. நானும் இந்த ஊர்க்காரிதானே. தாமிரபரணித் தண்ணீரைப் பற்றி யாராவது வெளியூர்க்காரர் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் அன்றைக்கு அவருக்கு என் கையால் ஊசி சற்று அழுத்தமாகத்தான் விழும்.

பிறகு புதிதாக ஒரு அறுவை சிகிச்சை நிபுணர் வந்து சேர்ந்தார். முக்கூடல்காரர். நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். வார்டுக்குள் வந்தால் கையைக் கழுவுவார். நோயாளியின் கால்மாட்டில் நின்று முதலில் சார்ட்டை வாசிப்பார். கடைசி வரி வரை வாசித்து முடிக்காமல் யாரிடமும் பேசமாட்டார். அப்புறம் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் நாடி எண்ணுவார். எத்தனை இயந்திரம் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்தாலும் சரி. அந்த ஒரு நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வாயை மூடிக்கொண்டு நிற்போம்.

அவர் வந்த முதல் வாரம், ஒரு நோயாளியின் வயிற்றிலிருந்து நீர் வடிகிற குழாயைக் காட்டி, "சார், கொஞ்சம் வந்திருக்கு" என்றேன்.

"கொஞ்சம்னா எவ்வளவு சிஸ்டர்? உங்க வீட்டுக் கொஞ்சமா, எங்க வீட்டுக் கொஞ்சமா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டிருந்தாலாவது நானும் மனசுக்குள் நாலு வார்த்தை போட்டு ஆறியிருப்பேன். அதன் பிறகு 'கொஞ்சம்', 'நல்லா', 'பரவாயில்லை', 'ஒரு மாதிரி' என்ற வார்த்தைகளெல்லாம் எங்கள் வார்டை விட்டு வெளியேறின. அளவுக் குவளைகள் வந்தன. குவளையில் கோடு அழிந்துபோனால் பிளாஸ்திரி ஒட்டி நானே கோடு போட்டேன். பையில் வந்தது, குழாயில் வந்தது, சிறுநீர், வாந்தி என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு.

அந்தப் பழக்கம் எனக்குப் பெருமையும் தேடித் தந்தது. மேலப்பாளையத்துத் துணி வியாபாரி ஒருவருக்குக் குடலை வெட்டி இணைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள். மனிதர் தலையணையில் சாய்ந்து எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் இல்லை. ஆனால் காலையில் தொண்ணூற்றாறாக இருந்த நாடி பத்து மணிக்கு நூற்றுப் பதினெட்டு. பழைய ஆளாக இருந்தால் 'ஒரு மாதிரி இருக்காரு சார்' என்றிருப்பேன். இந்தத் தடவை போன் செய்து இரண்டு எண்களையும் சொன்னேன். பெரிய டாக்டர் வெளிநோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்தார். உச்சிப் பொழுதுக்குள் வியாபாரியைத் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். குடல் இணைப்பில் கசிவு. ஒரு நாள் தாமதித்திருந்தால் வயிறு முழுக்கச் சீழாகியிருக்கும் என்றார். வியாபாரி பிழைத்து வீடு போனார். நான் ஒரு மாதம் தரையில் நடக்கவில்லை.

அந்தத் தலைக்கனத்தோடு இருந்த காலத்தில்தான் சீவலப்பேரியிலிருந்து சுடலைமுத்து வந்தார்.

சிற்றாறு வந்து தாமிரபரணியில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் குறும்பு. மலக்குடலில், ஆசனவாய்க்குச் சற்று மேலே புற்று. பெரிய டாக்டர் அதை வெட்டி எடுத்துவிட்டுக் கீழே இணைத்தார். அந்தத் தையல் ஆறும்வரை அதன் வழியாக மலம் போகக்கூடாது என்பதற்காக, சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை ஒட்டினார். சில மாதத்துக்குத்தான். மருந்து ஏற்றி முடித்து, தையல் ஆறியதும் வளைவை உள்ளே தள்ளி மூடிவிடலாம். அப்போது எங்கள் வார்டில் அது புதுசு. அந்த மாதிரிப் பை அதற்கு முன் ஏழெட்டுப் பேருக்குத்தான் பார்த்திருந்தேன்.

சுடலைமுத்துவுக்கு அந்தப் பை பிடிக்கவே இல்லை. "வயத்துல மாட்டு மடியக் கட்டிக்கிட்டு அலையச் சொல்லுதியளே" என்பார். அவர் மனைவி பேச்சியம்மாள் கெட்டிக்காரி. இரண்டே நாளில் பையைக் கழற்றவும் ஒட்டவும் கற்றுக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற நாளில் நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது சுடலைமுத்து கேட்டார்.

"சிஸ்டர், எங்க ஊரு ஆத்துத் தண்ணி குடிக்கலாம்லா? இந்தப் பாட்டில் தண்ணி தொண்டையில எறங்க மாட்டேங்கு."

"தாமிரபரணித் தண்ணிக்கு என்ன கேடு? காய்ச்சி ஆறவச்சு, தாராளமா குடிங்க" என்று சொல்லிக்கொண்டே 'நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்' என்று சீட்டில் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். பெரிய டாக்டர் வரிசையாக ஆறேழு சீட்டில் கையெழுத்துப் போட்டதில் அதுவும் ஒன்று.

பதினைந்து நாள் ஆகவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். கண் குழிக்குள் போயிருந்தது. நாக்கு காய்ந்த இலை மாதிரி. கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று நடக்கும்போதே முகத்தைச் சுளித்தார். பேச்சில் குறும்பு இல்லை. கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் உப்பு தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டுகிற அளவு வேண்டாத பக்கம் ஏறியிருந்தது. முந்தின நாள் முழுக்க ஒரு தம்ளர்கூடச் சிறுநீர் போகவில்லை என்றாள் பேச்சியம்மாள்.

பெரிய டாக்டர் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் ஊரில் இல்லை. இளைய டாக்டர் சலைன் போட்டார். அன்று மாலை முகம் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மறுநாள் மதியம் திரும்பவும் அதே கதை. சலைன் போய்க்கொண்டேயிருக்கிறது, பை நிரம்பிக்கொண்டேயிருக்கிறது. பச்சைத் தண்ணீர் மாதிரி வருகிறது. காலி செய்து முடித்துக் கையைக் கழுவித் திரும்புவதற்குள் அடுத்தது. நான் ஒவ்வொரு தடவையும் குவளையில் அளந்து சார்ட்டில் எழுதினேன். அதில் ஒரு மில்லி தப்பு இருந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை பெரிய டாக்டர் வந்தார். கையைக் கழுவினார். கால்மாட்டில் நின்று சார்ட்டை வாசித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் வாசித்தார்.

"நேத்து ஒரு நாள்ல பையில வந்தது ஐந்தரை லிட்டர். சலைன் இவ்வளவு. சரி. வாயால குடிச்சது எவ்வளவு சிஸ்டர்?"

சார்ட்டில் அந்தக் கட்டத்துக்குள் நான் எழுதியிருந்ததை அப்போதுதான் நானே பார்த்தேன். 'நன்றாகக் குடிக்கிறார்.' வார்டை விட்டுத் துரத்திய வார்த்தை, என் கையெழுத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. மற்ற எல்லாவற்றையும் அளந்தவளுக்குத் தண்ணீரை அளக்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீரை யார் அளப்பார்கள்?

அவர் பேச்சியம்மாளிடம் திரும்பினார். "அம்மா, அண்ணாச்சி தண்ணி எவ்வளவு குடிக்காவ?"

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஐந்து லிட்டர் கேனை இழுத்தாள். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டு வந்தது. ஊரிலிருந்து வருகிற யாராவது தினம் ஒரு கேன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்களாம்.

"இது நேத்துக் காலையில வந்தது சார். அடியில கொஞ்சம் கெடக்கு."

"நீங்க இதுல குடிச்சீங்களா?"

"நான் ஒரு வாய் தொடல. எல்லாம் அவுகளுக்குத்தான். குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்க மாட்டேங்கு சார். மடை ஒடைஞ்ச வயலுகணக்கா, ஊத்துனது பூராவும் அங்கன போயிருது." பையைக் காட்டினாள்.

"வீட்டுலயும் இப்படித்தான் குடிச்சாவளா?"

"பின்ன? சிஸ்டர் சொல்லிட்டாவல்லா." மஞ்சப்பையிலிருந்து பாலிதீன் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து சீட்டை எடுத்தாள். மடிப்பு கலையாமல் வைத்திருந்தாள். "மகதான் தெனமும் வாசிப்பா. அதுல கோடு போட்டு எழுதியிருக்குல்லா. வேண்டாம்னு மூஞ்சத் திருப்பினாலும் விடமாட்டேன். வெடிய எந்திரிச்சதும் ஒரு செம்பு, கஞ்சிக்கு முன்ன ஒரு செம்பு, பொறவு ஒரு செம்பு. சிஸ்டர் சொன்னத ஒரு நாளும் தட்டல சார்."

அவள் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் அந்தச் சிரிப்பு மாதிரி வலித்ததில்லை.

பெரிய டாக்டர் என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டார். ஒரு வெள்ளைத்தாளில் குடலை வரைந்தார். உடம்புக்கு வேண்டிய தண்ணீரையும் உப்பையும் பெருங்குடல் கடைசியில் இழுத்துக்கொள்கிறது. இவருக்கு அதற்கு முன்னாலேயே வெளியே போய்விடுகிறது. வெறும் தண்ணீர் சிறுகுடலுக்குள் போனால், போகிற போக்கில் உடம்பிலிருக்கும் உப்பையும் இழுத்துக்கொண்டு பைக்குள் விழும். உப்பு குறையக் குறையத் தாகம் எடுக்கும். தாகம் எடுக்க எடுக்கக் குடிப்பார். குடிக்கக் குடிக்கச் சிறுநீரகம் காயும். சொல்லி முடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"சீட்டு யாரு எழுதுனது?" என்றார். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"நான்தான் சார்."

"கையெழுத்து நான் போட்டிருக்கேன். வாசிக்காமப் போட்டிருக்கேன். அப்போ ரெண்டு பேரும் சேந்துதான் எழுதியிருக்கோம்." பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "இன்னும் ரெண்டு மூணு நாள் சிஸ்டர். அதுக்குள்ள ஒண்ணுக்குப் போகலேன்னா டயாலிசிஸ். சிறுநீரகம் போச்சுன்னா புற்றுக்கு மருந்து ஏத்த முடியாது. பையை மூடவும் முடியாது. நாம செஞ்ச ஆபரேஷனுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும்."

அன்றிலிருந்து வெறும் தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். அதற்கு மேல் குடிப்பதென்றால் குளுக்கோசும் உப்பும் சோடா உப்பும் அளவாகக் கலந்த கரைசல். சாப்பிடும்போது குடிக்கக் கூடாது. வயிற்றின் வேகத்தைக் குறைக்கச் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை. கேட்பதற்கு லேசாக இருக்கும். தாகத்தில் தவிக்கிற மனிதரின் கையிலிருந்து செம்பைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும்.

முதலில் நான் அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நான் எழுதிக் கொடுத்தது தப்பு. இந்தப் பைக்கு அது ஆகாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அதனாலதான் இவருக்கு இப்படி ஆயிட்டு" என்றேன். எதையும் மறைக்கவில்லை.

சுடலைமுத்துவுக்கு அன்று ஓரளவு புத்தி தெளிந்திருந்தது. "கேட்டது நான்லா சிஸ்டர்" என்றார் பைய. "ஆத்துத் தண்ணி குடிக்கட்டான்னு ஆசைப்பட்டது நானு. நீங்க என்ன செய்விய?"

பேச்சியம்மாள் சீட்டை மடித்து உறைக்குள் வைத்தாள். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பையை மாற்றப் போனால், அவள் எழுந்து தானே மாற்றினாள். என்னவென்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற வேறு நர்சிடம் பதில் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. புருஷன் வேண்டாம் வேண்டாம் என்றபோது நானே என் கையால் ஊட்டினேனே என்று அவள் வெந்துகொண்டிருந்தாள். அந்தச் செம்பை அவள் கையில் கொடுத்தது என் சீட்டுதான்.

கரைசலை ஒரு வாய் குடித்துவிட்டுச் சுடலைமுத்து துப்பினார். "இது மனுஷன் குடிக்கதா? சுண்ணாம்புத் தண்ணிகணக்கா இருக்கு. தாமிரபரணிக்கரையில பொறந்தவன உப்புத் தண்ணி குடிக்கச் சொல்லுதியளே, அடுக்குமா?"

அடுத்த கட்டிலில் உவரிக்காரர் அந்தோணி படுத்திருந்தார். படகில் போகிறவர். அவருக்கும் இதே ஆபரேஷன், இதே பை. மாதக்கணக்கில் அதைச் சுமந்துவிட்டு, மூடுவதற்காக வந்து சேர்ந்திருந்தார். அவர் இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தவர், தலையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, உங்க ஆத்துத் தண்ணி எங்கன போவுது?"

"கடலுக்குத்தான் போவுது. அதுக்கென்ன?"

"எப்படியும் எங்ககிட்ட வந்து உப்பாவத்தான் போவுது. ரெண்டு நாள் முந்தியே ஆயிட்டுன்னு நெனச்சுக் குடியும் வே."

சுடலைமுத்து சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் குடிக்கவில்லை. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. அவருக்கு உப்பு பிடிக்காததைவிட, தன் ஊர்த் தண்ணீரை நாங்கள் ஒதுக்கிவைத்தது பிடிக்கவில்லை. குழாயில் பிடித்து, பாட்டிலில் அடைத்து, ஆஸ்பத்திரி வாடையோடு நாங்கள் நீட்டியதை அவர் எப்படிக் குடிப்பார்?

கட்டிலுக்கடியில் அன்று காலை வந்த கேன் திறக்காமல் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் கண் முன்னால் ஒரு லிட்டர் அளந்தேன். குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு எல்லாவற்றையும் கரண்டியால் அளந்து, மேலே குவிந்ததைக் கத்தியால் வழித்துவிட்டுப் போட்டேன். அதை அவர்கள் வீட்டுச் செம்பிலேயே ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

"உங்க ஆத்துத் தண்ணிதான். உப்பு மட்டும் நான் போட்டிருக்கேன்."

செம்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். ஒரு மடக்கு குடித்தார். முகத்தை என்னமோ செய்துகொண்டார். இன்னொரு மடக்கு குடித்தார். "எங்க ஊருத் தண்ணியக் கெடுத்துட்டியளே சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதும் குடித்தார்.

மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் சார்ட்டை வாசித்துவிட்டு, "எந்தத் தண்ணி?" என்றார்.

"சீவலப்பேரித் தண்ணி சார். காய்ச்சினது. நீங்க எழுதின அளவுக்கு எல்லாம் கலந்தது. ஒரு லிட்டர். வெறுந்தண்ணி நானூற்று ஐம்பது. பையில மூன்று லிட்டர் நூறு."

தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பையில் வருவது குறைந்திருந்தது. ஆனால் சிறுநீர் வரவில்லை என்றே சொல்லலாம். குவளையின் அடியில் தேநீர் நிறத்தில் ஒரு சுற்று மட்டும். ரத்தத்தில் ஏறியிருந்த சிறுநீரக அளவும் இறங்கவில்லை. அன்று முழுக்க நான் வேறு கட்டில்களில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு ஊசியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் கண் அந்தக் கட்டிலுக்குப் போகும். டயாலிசிஸ் பிரிவில் இடம் இருக்கிறதா என்று இளைய டாக்டர் போனில் கேட்டது என் காதில் விழுந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், குடிக்க எடுத்த தண்ணீரைத் திரும்பப் பானையிலேயே ஊற்றினேன்.

அதற்கடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நான் டூட்டிக்கு வந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். பேச்சியம்மாள் என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். இரண்டு நாளாக என் பக்கம் திரும்பாதவள். அவள் கையில் அளவுக் குவளை. நான் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு போட்ட குவளை. அதை மேசைமேல் வைத்தாள்.

"சிஸ்டர், நானூறு. நானே அளந்துட்டேன். நீங்களும் ஒருக்கா பாத்துக்கிடுங்க."

குனிந்து பார்த்தேன். வைக்கோல் நிறத்தில், கோட்டுக்குச் சரியாக நானூறு. எத்தனை வருடமாக இந்தக் குவளையைக் கையில் எடுத்திருக்கிறேன்! மூத்திரத்தைப் பார்த்து அழுத பெண்பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளும் அழுதாள். பிறகு இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சார்ட்டில் எழுதினோம். அவள் சொல்ல, நான் எழுதினேன்.

அதற்கப்புறம் நேர்வழிதான். ரத்தத்தில் அந்தச் சிறுநீரக அளவு ஒவ்வொரு நாளும் இறங்கியது. கரைசல் அலுத்துப்போனபோது உப்புப் போட்ட கெட்டிக் கஞ்சிக்குப் பெரிய டாக்டர் அனுமதி கொடுத்தார். அந்தோணி பையை மூடிக்கொண்டு ஊருக்குப் போனவர், மறக்காமல் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்துவிட்டிருந்தார். 'அண்ணாச்சிக்கு உப்பு குறையக் கூடாது' என்று சொல்லியனுப்பினாராம். அதைத் தின்னலாமா கூடாதா என்று சுடலைமுத்து பெரிய டாக்டரையே கேட்டார். "நல்லா மென்னு தின்னா ஒரு துண்டு" என்று அனுமதி வந்தது.

வீட்டுக்குப் போகிற நாளில் நான் புதிய சீட்டு எழுதினேன். இந்தத் தடவை பெரிய டாக்டர் வரி வரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பழையதைக் கிழித்துப் போடலாம் என்று கேட்டேன். பேச்சியம்மாள் தரவில்லை.

"இது எதுக்கு? நீங்களே அடிச்சுத் திருத்திக் கொடுங்க. வீட்டுல கெடக்கட்டும்" என்றாள்.

கோடு போட்ட அந்த வரியை அடித்துவிட்டு, அதற்கு மேலேயே அளவை எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டேன். வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துக்கொண்டாள்.

மருந்தெல்லாம் ஏற்றி முடித்து, சில மாதம் கழித்து அவர் பையையும் மூடினார்கள். மூடிய பிறகு முதல் நாள் மணிக்கு முப்பது மில்லி தண்ணீர் என்று உத்தரவு. பேச்சியம்மாள் கேனோடு வந்திருந்தாள். சின்ன மருந்துக் குவளையில் முப்பதை அளந்து நான் அவர் கையில் கொடுத்தேன். வெறும் தண்ணீர். உப்பில்லாதது. வாயில் வைத்து, விழுங்காமல், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

நான் செய்த தப்பை நினைத்து இப்போது தூக்கம் கெடுவதில்லை. தப்பைச் சொல்லக்கூடிய ஒரு மேலதிகாரியும், அதைக் கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரு குடும்பமும் எனக்கு வாய்த்தார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாளுக்குப் பிறகு வார்டில் தண்ணீர்க் கட்டத்தைக் காலியாக விட்ட பெண்கள் என்னிடம் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி செல்விக்கு வருகிறேன். அவள் அனுப்பிய தாளில் எட்டாவது வரியை அடித்துவிட்டு, பெருங்குடல் பைக்கு ஒரு தாள், சிறுகுடல் பைக்கு ஒரு தாள் என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"தண்ணி குடிக்கச் சொன்னதுல என்ன தப்புக்கா? நம்ம ஊருல போயி தண்ணியக் குறைங்கன்னா யாரு கேப்பா?"

விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, 'அந்தப் பையைச் சுமந்தவரையே கேளு' என்று வேறு ஒரு நம்பரைக் கூட்டி, மூன்று பேரும் பேசுகிற மாதிரி இணைத்தேன். எதிர்ப்பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம். சுடலைமுத்து வயலில் நின்றார்.

"அண்ணாச்சி, நான்தான். இங்கன ஒரு பிள்ள, பைக்காரவுகளுக்குத் தாராளமா தண்ணி குடிங்கன்னு அச்சடிக்கப் போவுது. என்ன சொல்லுதிய?"

மோட்டார் சத்தம் நின்றது. அணைத்துவிட்டுப் பேசுகிறார் என்று தெரிந்தது.

"தாயி" என்றார் செல்வியிடம். "தாராளமான்னு போட்டா எம் பொண்டாட்டிமாதிரி ஒருத்தி ஒரு சொட்டுக் குறைக்காம ஊத்திப்புடுவா. மொதல்ல கேளு, எந்தத் தண்ணி? பொறவு கேளு, எவ்வளவு?"

செல்வியின் பக்கத்தில் பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "சொல்லுங்க அண்ணாச்சி, எழுதிக்கிடுதேன்" என்றாள்.